மெத்தையின் சுவர்ப் பக்க மூலை

பட்டப்பகலில், முன்பின் தெரியாத ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மல்லாந்து படுத்திருக்கிறீர்களா? போன மாதம் தாம்பரத்தில் ஒரு மெத்தைக் கடையில் நான் ஏழு தடவை படுத்து எழுந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் சுவாரசியமாகப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என்னைத் தெரிந்தவர் போலத் தலையைக்கூட ஆட்டினார்.

படுத்தது எனக்காக இல்லை. என் மனைவி வசந்தா எட்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. இடுப்பில் டிஸ்க் நகர்ந்திருக்கிறது. டாக்டர், மாத்திரை எழுதிய கையோடு மெத்தையையும் மாற்றச் சொன்னார். ரொம்ப மெத்தென்றும் வேண்டாமாம், ரொம்பக் கெட்டியாகவும் வேண்டாமாம். இரண்டுக்கும் நடுவில் எந்த இடம் என்று நான் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாரைப் பார்த்தாலும் யோசனை கேட்பேன். அவர்கள் சொல்வது பிடித்துப்போனால் வீட்டுக்கு வந்து இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மைத்துனி ஸ்பிரிங் மெத்தைதான் சரி என்றாள். பழைய ஆபீஸ் நண்பர், ஸ்பிரிங்கில் படுத்தால் புரளும்போது பக்கத்தில் இருப்பவர் எகிறிப்போவார் என்று பயமுறுத்தி, தேங்காய் நார் வாங்கச் சொன்னார். மேல் வீட்டுக்காரர் ரப்பர் என்றார். பம்மல் போகும் ஷேர் ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னை ஒரு நிமிஷம் அளந்துவிட்டுச் சொன்னார்: “சார், இன்னா மெத்த வாங்குனாலும் அக்காவ படுக்கச் சொல்லிப் பாத்து வாங்கு. நீ குந்திக்கினே தூங்குற ஆளு, மூஞ்சியிலயே எழுதிக் கீது.” அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் உருப்படியாகச் சொன்னார்.

கடையில் ஒரு பெண் அட்டையும் பேனாவுமாக எங்களோடு நடந்தாள். “சார், நீங்க சைட் ஸ்லீப்பரா, பேக் ஸ்லீப்பரா?” என்று கேட்டாள். தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? வசந்தாவைப் பார்த்தேன். “குறுக்கால படுப்பாரு” என்றாள். அந்த அட்டையில் அப்படி ஒரு வகை இல்லை. ஒரு மெத்தையைக் காட்டி, இது உங்கள் உடம்பை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றாள் அந்தப் பெண். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. என் உடம்பை நானே மறக்கப் பார்க்கிறேன்.

புது மெத்தை ஒன்றின் பிளாஸ்டிக் உறையை அப்போது கிழித்தார்கள். பசை வாசனை குப்பென்று அடித்தது. இந்த வாசனை எனக்குப் பழக்கம். கல்யாணமான புதிதில் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். தோலும் பசையும் கலந்த நாற்றம் சட்டையோடு சைக்கிளில் ஏறி, சிட்லபாக்கம் வரை கூடவே வரும். வசந்தாவுக்கு அப்போது ஏழு மாதம். நான் தெருமுனை திரும்பும்போதே அவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள் என்று கீழ் வீட்டு சில்வியா டீச்சர் சொல்லிச் சிரிப்பார்.

சில்வியா டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது, ஆனால் காலனி முழுக்க அவருக்குத் தம்பி, தங்கச்சிதான். நாங்கள் மாடியில் ஒரு போர்ஷன், அவர்கள் கீழே. மொட்டைமாடி பொது. ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறினால் மெத்தைகள் மாடிக்கு வந்துவிடும். அன்றைக்கு மெத்தைத் துணி என்றால் நீலக் கோடு போட்டதுதான். அத்தனை வீட்டு மெத்தையும் ஒரே தாய் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிடக்கும். எங்கள் மெத்தை நான் கல்யாணத்துக்கு முன் தாம்பரம் மார்க்கெட்டில் கையால் அமுக்கிப் பார்த்து வாங்கியது. கைக்கு நன்றாகத்தான் இருந்தது. முதுகுக்குத்தான் கட்டி கட்டியாகத் தட்டுப்பட்டது. டீச்சருடையது நாகர்கோவிலில் அவர் அம்மா வீட்டில் நல்ல இலவம் பஞ்சு வாங்கி, ஆளை உட்கார வைத்துத் தைத்தது.

ஞாயிறு காலையில் டீச்சர் வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மெத்தைக்கு நான் காவல். “தம்பி, தூத்தல் போட்டா கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பைபிளும் குடையுமாகப் போவார். குடை எடுத்துப் போகிற அளவுக்கு வானத்தைப் படிக்கத் தெரிந்தவர் மெத்தையை ஏன் மாடியில் போட்டார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒரு ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. மாடியில் எங்களுடையதும் டீச்சருடையதும்தான் கிடந்தன. ஓடிப்போய் முதலில் ஒன்றை உருட்டித் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, டீச்சர் வீட்டு வாசல் நடையில் நனையாமல் சாத்தி வைத்தேன். அப்புறம் மற்றதைத் தூக்கி எங்கள் வீட்டில் போட்டேன். அடுத்த வீட்டுச் சாமானை முதலில் காப்பாற்றினேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. டீச்சரும் வந்து ரொம்பப் புகழ்ந்தார்.

மறுநாள் காலை வசந்தா ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. வயிறு பெரிதானதிலிருந்து நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறவள் அசையாமல் தூங்கினாள். பயந்துபோய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் விரிப்பை மாற்றும்போதுதான் பார்த்தேன். மெத்தையின் சுவரோரம் கிடந்த மூலையில் சிவப்பு நூலில் சின்னதாக ‘சி’ என்று தைத்திருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கீழே பதினாறு படி. தூக்கிக்கொண்டு போய், டீச்சர், மாறிப்போச்சு என்று சொன்னால் முடிந்தது. ஆனால் வசந்தாவின் கண்ணுக்குக் கீழிருந்த கருப்பு அப்போதுதான் கலையத் தொடங்கியிருந்தது. குழந்தை பிறக்கட்டும், அப்புறம் கொடுத்துவிடலாம் என்று அந்த மூலையை மறுபடி சுவர்ப் பக்கமே போட்டேன். வசந்தாவிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் டீச்சர் கோயிலுக்குப் போனதும் வெயிலில் போட்டு எடுத்து வந்து விரிக்கும்போதும் அந்த மூலை எப்படியோ தானாகவே சுவர்ப் பக்கம் வந்து விழுந்துவிடும். என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் படியில் டீச்சர் என்னை நிறுத்தினார். “என்னமோ தெரியல தம்பி, இப்பல்லாம் காலையில எழுந்தா முதுகு புடிச்சுக்குது. வயசாவுது போல.” நான் என்ன செய்தேன் தெரியுமா? மருந்துக் கடைக்குப் போய்த் தைலம் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டும் என்று வேறு சொன்னேன். டீச்சர் சீசாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்ல மனுஷன் தம்பி நீங்க” என்றார்.

மகள் பிறந்தாள். கொடுக்கவில்லை. குழந்தை அந்த மெத்தையை நனைத்த பிறகு கொடுக்கவும் முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து டீச்சர் ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு கட்டிப் போனார். லாரியில் ஏற்றிய சாமான்களின் உச்சியில் என் கட்டி தட்டிய மெத்தையையும் சுருட்டி வைத்திருந்தார்கள். கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுத்ததே நான்தான். டீச்சர் மெத்தையில் நாங்கள் பதினோரு வருஷம் படுத்தோம்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு கடையில் நின்றிருந்தபோது, ஏதோ ஒரு மெத்தையில் கண்ணை மூடிப் படுத்திருந்த வசந்தா சொன்னாள்: “சில்வியாக்கா மெத்த மாதிரி எதுவுமே இல்லீங்க.”

பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய மெத்தை என்று கேட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். மாறிப்போன அன்றைக்கே அவள் உடம்புக்குத் தெரிந்துவிட்டதாம். மறுநாள் நான் வேலைக்குப் போனதும் மூலையைப் பார்த்துவிட்டு, டீச்சர் சாயந்தரம் வந்ததும் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் திருப்பி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். புள்ளத்தாச்சி நீ தூங்கு, நான் நாள் முழுக்க நின்னு பாடம் நடத்துறவ, எனக்குத் தரையில படுத்தாலும் தூக்கம் வரும் என்றாராம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்களுக்குத் தெரிஞ்சா அடுத்த நிமிஷமே தூக்கிட்டுப் போய் குடுத்துட்டு நிப்பீங்கன்னு அக்காதான் சொல்ல வேணாம்னாங்க. நீங்க அப்பிடி ஆளுதானே. அதான் அந்த மூலைய எப்பவும் செவுத்துப் பக்கமா போடுவேன்.”

என் மூலையும் அவள் மூலையும் ஒன்றே. டீச்சருக்கு அப்போது முதுகு வலி இருந்ததா என்று மட்டும் கேட்டேன். வசந்தா யோசித்தாள். “எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லயே” என்றாள்.

அப்படியென்றால் என்னிடம் ஏன் சொன்னார்? வலி உண்மைதானா, வசந்தாவுக்குத் தெரியாமல் மறைத்தாரா? இல்லை, எனக்கு விஷயம் தெரியும் என்று கண்டுபிடித்து, நான் வாயைத் திறக்கிறேனா என்று பார்த்தாரா? கணக்கு டீச்சர். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுப் பழகியவர். அந்த ‘நல்ல மனுஷன்’ எந்தக் கணக்கில் சேர்த்தி? போய்க் கேட்கவும் வழியில்லை. டீச்சர் மூன்று வருஷத்துக்கு முன் போய்விட்டார். ஊரப்பாக்கம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவதாகப் படுத்துப் பார்த்ததையே வாங்கினோம். நூறு நாள் படுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமாம். திருப்பிக் கொடுப்பது எனக்கு வராத காரியம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வசந்தா இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறாள். கேட்டால் “பரவால்ல” என்கிறாள். எனக்கும் அப்போதே தெரியும் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

சிட்லபாக்கம் வீட்டை இடித்து நான்கு மாடி கட்டிவிட்டார்கள். நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் மொட்டைமாடிக்குப் பூட்டு. எதையும் காயப்போடக் கூடாது என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. புது மெத்தையைத் தூக்கி வர மூன்று ஆள் வேண்டியிருந்தது. அது வெயில் பார்க்கப் போவதில்லை. மழை வந்தால் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. போன வாரம் விரிப்பை மாற்றும்போது கை தானாகவே அதன் மூலைகளைத் தடவிப் பார்த்தது. நான்கும் வழவழவென்று ஒன்று போலவே இருந்தன. இந்த மெத்தை எந்தக் காலத்திலும் இன்னொரு வீட்டுக்கு மாறிப் போகாது.