முதலில் குறியை அழி

அடாவடி என்றுதான் ஆபீசில் அவளைச் சொல்வோம், முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆளின் காபிக் கோப்பை சுவரில் சிதறியது. அடுத்த நாற்காலி என்னுடையது. ஒரு சில்லு என் சட்டைப்பையில் விழுந்தது.

எங்கள் வேலை கர்னலில். பட்டாளத்துக் கர்னல் இல்லை, கம்ப்யூட்டரின் அடிமட்டத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் நிரல். ஓடும் கம்ப்யூட்டரை நிறுத்தாமலே அதன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக இன்னொன்றுக்கு நகலெடுப்போம். கடைசியில் ஒரே ஒரு நொடி நின்று, வேலை அங்கே தொடரும். எழுதப்பட்ட பக்கத்தின்மேல் தானாக ஒரு குறி விழும். அது அழுக்குப் பக்கம், மறுபடி நகலெடுக்க வேண்டும். முதலில் குறியை அழி, பிறகு நகலெடு. மாற்றிச் செய்தால், இடையில் எழுதியதன் குறியும் சேர்ந்து அழிந்துபோகும். புது கம்ப்யூட்டரில் பழையதே நிற்கும், ஒருத்தருக்கும் தெரியாது.

அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தங்கை. தங்கையின் புருஷன் பெல்ட்டால் பேசுகிற ரகம். ஒருநாள் அடாவடி போய் அவன் மணிக்கட்டை முறித்துவிட்டு, தங்கையைக் கூட்டிவந்து ஒரு மாடி வீட்டில் குடிவைத்தாள். சரியான வேலை என்று இன்றும் சொல்வேன்.

அவன் மோப்பம் பிடித்துவிட்டான். பட்டப்பகலில் இரும்புக் கம்பியால் கதவைப் பிளந்தான். தங்கை அவசர உதவிக்குப் போன் செய்து முகவரி சொல்லியும், போலீஸ் வண்டி பழைய வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அவளுக்கு வலது கை எலும்பு நொறுங்கியது, இடது கண் போயிற்று. அவனை அக்கம்பக்கத்தார் மடக்கி நையப்புடைத்தார்கள். போதாது என்பேன்.

அவசர உதவி மையத்தில் போனை எடுத்த பெண், தங்கையின் எண்ணுக்குத் திரையில் வந்த பழைய முகவரியை மாற்றவில்லை என்று சொல்லி அவளை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். அடாவடி விடுவாளா? அந்தப் பெண் வீட்டு வாசலிலேயே கூந்தலைப் பிடித்து இழுத்து இரண்டு அறை விட்டாள். விலக்கப் போன எனக்கு முழங்கையால் ஒன்று கிடைத்தது.

"சத்தியமா மாத்தினேன்க்கா!" உதட்டில் ரத்தத்தோடு அந்தப் பெண் கதறினாள். "திரையிலயும் மாறிச்சு. அப்புறம் ஒரு நொடி அப்படியே நின்னு, மறுபடி ஓடிச்சு."

அடாவடியின் கை தளர்ந்தது. ஒரு நொடி நின்று ஓடினால், அது வேறு கம்ப்யூட்டருக்கு மாறிய நொடி. அந்த மையத்தில் அப்படி மாற்றுவது எங்கள் நிரல்தான்.

ஆபீசில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். நகலெடுத்துவிட்டுக் குறியை அழித்துக்கொண்டிருந்தது. வேகம் கூடட்டும் என்று வரிகளை இடம் மாற்றியவள் அடாவடியேதான். திரையை ஒரே குத்தில் உடைத்தாள். விரலிடுக்கில் கண்ணாடி.

"நிரலைத் திருத்திடு. அந்தப் பொண்ணுக்காக அவங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லு, வேலை போனா போகட்டும். தங்கச்சிகிட்ட மட்டும் வாயைத் திறக்காதே," என்றேன். "இருக்கிறது அவ ஒருத்திதான்."

"அவளுக்குத்தான் முதல்ல சொல்லணும்."

ஆஸ்பத்திரியில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். தங்கை மிச்சமிருந்த கண்ணால் அவளையே பார்த்தாள்.

"அதனாலதான் அவங்க வரலையா?"

"ஆமா."

கட்டுப் போடாத கையால் தங்கை ஓங்கி அறைந்தாள். வாழ்க்கையில் அவள் யாரையும் அடித்தது அதுதான் முதல் தடவை. அடாவடி முகத்தைத் திருப்பவில்லை. இன்னொன்று விழுந்தது. நான் தடுக்கப் போகவில்லை.

"கதவு உடையிறப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? யார் வராட்டியும் எங்கக்கா வந்துடுவான்னு." தங்கைக்கு மூச்சு வாங்கியது. "போ. போய் அந்தப் பொண்ணு வேலையைத் திருப்பி வாங்கிக் குடு. வாங்கிக் குடுத்துட்டேன்னு சொல்லக்கூட இங்க வராதே."

அடாவடி தலையாட்டினாள். கீழே வந்ததும், அந்தப் பெண் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள்.