இருபத்தேழாம் பத்தியில் குறைந்த இரண்டு அங்குலம்

அண்ணனூர் ரேணுகா யாரையும் நம்பமாட்டாள். தாலி ஏறின கையோடு மூன்று முடிச்சையும் இழுத்துப் பார்த்தவள். பூக்காரி போட்ட முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பாள். ஒருதரம், நாள்காட்டியில் போட்டிருந்ததைவிடக் கிரகணம் இரண்டு நிமிடம் பிந்திவிட்டதென்று சூரியனையே முறைத்தாள். சூரியன் அவசர அவசரமாக மறைந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தேன், வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்.

அந்தக் குணத்துக்கு ஆவடியில் சம்பளமே கொடுத்தார்கள். படைவீரர்களுக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் எக்ஸாமினர். தைத்து வந்த சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டு, கீழ் மடிப்பில் ஆரம்பித்து மேலே பார்த்துக்கொண்டு போவாள். "முன்பக்கம் ஊருக்குக் காட்டறது. பொய் எப்பவும் உள்பக்கம்தான் ஒளிஞ்சிருக்கும்" என்பாள். தையல் விட்டிருந்தால் தைத்தவரின் மேசை எண்ணைச் சிவப்பு மையில் எழுதிவிடுவாள். சொந்த நாத்தனாரின் மேசைக்கும் எழுதியிருக்கிறாள். அந்தத் தீபாவளிக்கு அங்கிருந்து பலகாரம் வரவில்லை.

ஓய்வு பெற்றபின், திருமுல்லைவாயிலில் கூலிக்கு வீட்டிலேயே தைக்கும் பெண்களைக் கூட்டிச் சங்கம் வைத்தாள். காரணம் வேம்புலியம்மாள். அரசாங்கத்துக்காக வீடு வீடாக விவரம் எழுத வந்த ஒருவர், மிஷினை மிதித்துக்கொண்டே பதில் சொன்ன வேம்புலியம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிப் போய்விட்டார்.

"அப்ப காலைல இருந்து நான் இன்னா பண்ணிகினு கீறேன்? பல்லாங்குழி ஆடறேனா?" என்று வேம்புலியம்மாள் கத்தியது ரயில்நிலையம் வரை கேட்டது.

தொழில் இல்லை என்றால் தொழிலாளிக்கு உள்ள எதுவும் இல்லை. கண்ணாடிக்கும் உதவித்தொகை இல்லை, கை முறிந்தால் வைத்தியத்துக்கும் இல்லை. அந்த ஒரு சொல்லை மாற்றத்தான் ரேணுகா கிளம்பினாள். கிளம்பினவள் நியூயார்க் வரை போய்விட்டாள்.

அங்கே உலக நாடுகள் எல்லாம் கூடி, வரப்போகும் வருடங்களில் வறுமை, படிப்பு, தண்ணீர், வேலை எல்லாவற்றிலும் எதை எட்டுவது என்று ஒரு பிரகடனம் எழுதிக்கொண்டிருந்தன. அதன் இருபத்தேழாம் பத்தியில், தொழிலாளர் என்ற சொல்லை அடுத்து 'வீட்டிலிருந்து உழைப்போர் உட்பட' என்று சேர்க்கவைக்க, ரேணுகாவின் சங்கமும் சேர்ந்திருந்த ஒரு டெல்லிக் கூட்டமைப்பு நாலு வருடம் போராடியிருந்தது. அது அங்கேயே இருக்கிறதா என்று காவல் காக்க இரண்டு பேரை அனுப்பியது. ஒருத்தி அம்பத்தூர்க்காரி ராதிகா, வக்கீல். மற்றவள் ரேணுகா.

இருவருக்கும் கடைசி வரிசையில் நாற்காலி. பேச உரிமை கிடையாது, பார்க்கலாம். ரேணுகாவுக்கு அதுவே போதும். 'செய்ய வேண்டும்' என்பதா 'செய்ய முயலலாம்' என்பதா என்று முப்பது நாடுகள் இரண்டரை மணி நேரம் சண்டை போட்டதைப் பார்த்தாள்.

"குழாயடிச் சண்டைக்கு இவ்ளோ கோட்டு தேவையா?" என்றாள்.

கடைசிக்கு முந்தின நாள் காலை, தலைவர் சிரித்த முகமாக எழுந்தார். எல்லாம் முடிந்தது, இறுதி வரைவை எல்லாருக்கும் அனுப்பியாயிற்று, நாளை நண்பகலுக்குள் எந்த நாடும் வாய் திறக்காவிட்டால் எல்லாரும் சம்மதித்ததாக அர்த்தம் என்றார்.

"இது மௌன நடைமுறை அக்கா. வழக்கமா செய்யறதுதான்" என்றாள் ராதிகா.

"பேசாம இருந்தா சம்மதமா? எங்க அக்காவப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் அவ பேசாமத்தான் இருந்தா. சம்மதம்னு தட்ட மாத்திட்டாங்க. பதினாறு வருசம் கழிச்சு வாயத் தொறந்தா பாரு, அந்தாளு வேலூருக்கே ஓடிட்டான்."

மற்றவர்கள் கடைகளுக்குக் கிளம்பினார்கள். ரேணுகா சிற்றுண்டிக் கூடத்தில் ஒரு மேசையைப் பிடித்து, முந்தின நாள் வரைவையும் இன்றையதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி, ஒவ்வொரு பத்தியாக அளந்துகொண்டு மேலே போனாள். காப்பி ஊற்றுகிறவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"அக்கா, மானம் போகுது" என்றாள் ராதிகா.

"நீ படிச்சா அர்த்தத்துல மயங்கிடுவ. நான் துணிய மட்டும் பார்க்கறேன்." டேப் நின்றது. "இருபத்தேழு. கடைசி வரி நேத்து நாலரை அங்குலம். இன்னிக்கு ரெண்டரை. மீதித் துணி எங்கடி?"

ராதிகா படித்தாள். தொழிலாளர் என்ற சொல் இருந்தது. வீட்டிலிருந்து உழைப்போரைக் காணோம்.

"யாரோ கத்திரி போட்டிருக்கான்" என்றாள் ரேணுகா. ஆறு நாட்களாகக் கடைசி வரிசையிலிருந்து பிடரிகளைப் பார்த்தே சந்தேகப்பட்டவள். எந்தப் பிடரி என்றுகூட அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது.

நாடு மட்டும்தான் கேட்க முடியும். நம் நாட்டுக் குழுவில் சம்பந்தம் என்ற அதிகாரி இருந்தார், காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். மின்தூக்கி வாசலிலேயே அவரை மடக்கினார்கள்.

அவர் இரண்டு தாளையும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அம்மா, மௌனத்தை உடைச்சா பொட்டலம் பிரிஞ்சிடும். ஆளாளுக்குத் தனக்குப் பிடிக்காததை உருவுவான். உங்க பத்தியே மொத்தமாப் போயிடலாம்."

"உடைக்க வேணாம் சார்" என்றாள் ராதிகா மெதுவாக. "தட்டச்சுல விட்டுப்போச்சு, திருத்துங்கன்னு ஒரு குறிப்பு. போதும்."

சம்பந்தம் ரேணுகாவைப் பார்த்தார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே. யாராவது வேணும்னே எடுத்தாங்கன்னு சொன்னா நான் கையே வைக்கமாட்டேன். குற்றம் சொன்னா சண்டை. தட்டச்சுப் பிழைதானா?"

முப்பத்தொரு வருடத்தில் ஒரு மேசை எண்ணையும் எழுதாமல் விட்டதில்லை அவள். பட்டியல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ராதிகா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிழைதான் சார்" என்றாள் ரேணுகா. வேப்பெண்ணெய் குடித்த முகம். "டைப் அடிச்ச புள்ள பாவம், தூக்கக் கலக்கம் போல."

சம்பந்தம் அன்றே குறிப்பை அனுப்பிவிட்டார். மறுநாள் நண்பகல்வரை ஒரு நாடும் வாய் திறக்கவில்லை. பிற்பகல் கூட்டத்தில் தலைவர், இருபத்தேழாம் பத்தியில் தட்டச்சில் விடுபட்ட சொற்கள் சேர்க்கப்பட்டன என்று ஒரே மூச்சில் படித்துவிட்டுச் சுத்தியலைத் தட்டினார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். ரேணுகா தட்டவில்லை. எழுந்து போய்ப் பணியாளரிடம் அச்சான பிரதியை வாங்கி, விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். சொற்கள் இருந்தன. அதற்குள் மண்டபம் அடங்கிவிட்டிருந்தது. அந்த அமைதியில் தனியாக நின்று படபடவென்று தட்டினாள்.

எல்லா நாடும் திரும்பிப் பார்த்தது. ஏதோ முறை போலிருக்கிறது என்று நினைத்து எல்லாரும் மறுபடி தட்ட, தலைவர் எழுந்து இரண்டாம் தரம் வணக்கம் சொன்னார். அப்படி நடக்கவே இல்லை என்கிறாள் ராதிகா. வக்கீல்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

வாசலில் நின்று ரேணுகா திருமுல்லைவாயிலுக்குப் போன் போட்டாள்.

"அதுல என் பேரு கீதா, இல்லியா?" என்றாள் வேம்புலியம்மாள்.

"பேரு இல்லடி. உன் வேலை கீது."

"சரி, அந்தக் காயிதத்த நம்ம ஊட்டாண்ட எழுத வர்ற ஆளு படிப்பானா?"

"படிக்கமாட்டான்னுதான் எனக்கும் தோணுது" என்ற ரேணுகா, ராதிகா பக்கம் திரும்பினாள். "இதத் தமிழ்ல போட எத்தினி நாள் ஆகும்? நீயே போடு. நான் சரி பார்க்கறேன்."