நடமாடக்கூடியவர்

நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்து இரண்டு வருடமாகிறது. அதற்கு முன்னர் ஸ்கந்தபுரத்தில் முப்பது வருடம் ஊரார் வயலையெல்லாம் உழவு இயந்திரத்தால் உழுதவன் நான். உழவுக்காரனுக்கு ஒவ்வொரு வரம்பிலும் கதைக்க ஆள் இருக்கும். இப்போது மனைவியும் இல்லை. முன்வீட்டு நண்பன் வயலுக்குப் போய்விட்டால் பின்னேரம் வரை என் குரலை நானே கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "காலை வெட்டினவங்கள் உன்ர வாயை விட்டிட்டாங்களே மச்சான்" என்றவன் அவன்தான். சனங்கள் வாயில் வரும் இப்படியான கதைகளை நான் தவறவிடுவதில்லை. திருப்பிச் சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

கடந்த மாரியில் மலசலகூடத்துக்குள் விழுந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அது குந்தி இருக்கிற பழைய வகை. ஒற்றைக் காலால் குந்துவது என்னவென்று குந்திப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நண்பன் வந்து தூக்கும் வரை ஈரச் சீமெந்தில் கிடந்தேன். கதை அன்றைக்கே பூவரசங்குளத்தில் இருக்கும் மகளின் காதுக்குப் போய்விட்டது.

"அப்பா, இனி அங்க தனிய இருக்க ஏலாது. இஞ்ச வாங்கோ."

"வந்து எங்கயடி படுக்கிறது?"

அவர்களுடையது ஓர் அறை வாடகை வீடு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "விறாந்தையில கட்டில் போடலாம்" என்றாள்.

அவள் மனம் நல்லது. ஆனால் அந்த விறாந்தையில் மருமகனின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது, பேரப்பிள்ளைகள் படிக்கிற மேசை நிற்கிறது. நானும் அங்கே ஒரு தளபாடமாக நிற்க வேண்டும். கதிரை மாதிரி இருந்து எழும்பக்கூடிய கொமட் வைத்த மலசலகூடம் ஒன்று கட்டிவிட்டால் இங்கேயே இருப்பேன் என்றேன்.

"சரி, சித்திரை வரைக்கும் பாக்கிறன். சரிவராட்டி நானே வந்து ஏத்திக்கொண்டு போவன்."

ஆக, நான் என் வீட்டில் இருப்பதா இல்லையா என்பது ஒரு கொமட்டில் வந்து நின்றது.

கட்டுவதற்குக் கையில் காசில்லை. கிராம அலுவலர் விதானையாரிடம் கடிதம் வாங்கி, வைத்தியச் சான்றிதழும் வைத்து, பிரதேச செயலகத்துக்குப் படிவம் கொடுத்தேன். இருந்து எழும்பும் மலசலகூடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, வாசலின் மூன்று படிக்கும் பதிலாக ஒரு சரிவு. இவ்வளவுதான் கேட்டது. ஆஸ்பத்திரியில் தந்த சக்கர நாற்காலி அந்த மூன்று படியால்தான் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சமூக சேவை உத்தியோகத்தர் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளைக்குப் பார்க்க வருகிறேன் என்றார். என் வீட்டுக்கு ஓர் ஆள் வரப்போகிறது! விடியவே முகம் வழித்தேன். சேர்ட்டுக்கு இஸ்திரி போட்டேன். பெட்டிக்குள் கிடந்த பொய்க்காலை எடுத்து மாட்டினேன். அதைப் போட்டால் அரை மணித்தியாலத்தில் தோல் உரியும். ஆனால் வருகிற ஆளைப் படலையடிக்குப் போய் நின்று கூட்டிக்கொண்டு வருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இருந்த இடத்தில் இருந்துகொண்டு கூப்பிட்டால், வரவேண்டாம் என்று சொன்ன மாதிரி.

ஸ்கூட்டியில் வந்து இறங்கியவர் என் மகளின் வயதுப் பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு படலையைத் திறந்தேன்.

"வாங்கோ பிள்ளை, வாங்கோ."

"நல்லா நடக்கிறியள் ஐயா!"

"ஏதோ, உங்கட புண்ணியம்."

தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தேன். சேற்றில் உழவு இயந்திரம் புதைந்த கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு கதை சொன்னேன். நடுவில் பேனையை எடுத்து, "கஷ்டங்கள் என்னய்யா?" என்று கேட்டார். சுகம் விசாரிக்கிறவர்களுக்கு வாய் பழகிவிட்ட பதில் வந்துவிட்டது: "ஒரு குறையுமில்லைப் பிள்ளை."

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் நடமாடக்கூடியவர், ஆதலால் முன்னுரிமை இல்லை.

நண்பன் வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "மாப்பிள்ளை மாதிரி வெளிக்கிட்டு நிண்டால் அவா வேற என்ன எழுதுவா? போனை எடு. எடுத்து உண்மையைச் சொல்லு."

எடுத்தேன். "பிள்ளை, நான் பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய் ஐயா?"

"நடந்து காட்டினது."

"நான் கண்ணால கண்டனான் தானே?"

"ஓம். நடக்காததையும் ஒருக்கா வந்து பாருங்கோ."

 வெள்ளிக்கிழமை வாறன் என்றார்.

அன்றைக்கு நண்பன் வயலுக்குப் போக முதல், "வாயைத் திறந்தியோ, பூவரசங்குளம்தான்" என்றுவிட்டுப் போனான். பொய்க்கால் பெட்டிக்குள் கிடந்தது. அடுப்பு மூட்டவில்லை. "ஐயா! ஐயா!" என்று படலையில் கூப்பிட்டது கேட்டது. நான் எழும்பவில்லை. மூன்றாம் முறை கூப்பிட்டபோது என் கண் கலங்கிவிட்டது. வாசலுக்கு வந்த பிள்ளையை வெளியில் நிற்க வைத்தவன் என்று நான் என்னைப் பற்றி நினைத்ததில்லை.

தானே திறந்து உள்ளே வந்தார். நான் சக்கர நாற்காலியிலிருந்து நிலத்தில் இறங்கினேன். கைகளை ஊன்றி, இருந்தபடியே படிகளில் ஒவ்வொன்றாக வழுகி, முற்றத்து மண்ணில் நகர்ந்து நகர்ந்து பின்பக்கம் போனேன். என் மகளுக்கும் காட்டாத போக்கு அது. பின்னால் செருப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாதி வழியில் நின்றது.

"போதும் ஐயா. எழும்புங்கோ."

"அதுதானே பிள்ளை ஏலாது."

திரும்பிப் பார்த்தேன். என் விண்ணப்பக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தூக்கக் குனிந்தார். அன்றைக்கு இருவரும் வேறு கதை கதைக்கவில்லை.

அனுமதி வந்து, பங்குனியில் வேலை முடிந்தது. மேசன் நின்ற ஆறு நாளும் வீடு வீடாக இருந்தது. வேண்டுமென்றே அவரை மெதுவாக வேலை செய்யச் சொன்னேனோ என்று இப்போது சந்தேகம். உத்தியோகத்தர் வந்து படம் எடுத்தார். நான் சரிவில் தனியாக இறங்கி ஏறிக் காட்டினேன்.

"சரி ஐயா, கோப்பு மூடியாச்சு. இனி நான் வந்து கரைச்சல் தர மாட்டன்."

"வேற படிவம் ஒண்டும் இல்லையோ பிள்ளை?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். "தனியப் போய் வந்தனீங்களோ? விழேல்லையே?"

"விழேல்லை. கம்பியைப் பிடிச்சு எழும்பினனான்."

"அப்ப சரியப்பா. இனிப் பயமில்லை. நீங்கள் உங்கட வீட்டிலயே இருங்கோ."

நாலு மாதமாக நான் அலைந்தது அவள் வாயால் அதைக் கேட்கத்தான். ஓம் பிள்ளை என்றேன். அவள் வைத்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் காதோடு வைத்துக்கொண்டிருந்தேன்.