அம்மாவின் நீட்டிய கால்கள்

தம்பி பிறந்த அன்றே இறந்துபோனான். அதற்குப் பிறகு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். திண்டுக்கல்லில் இருந்த எங்கள் சொந்தக்காரர்களில் வைத்தியம் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. காற்று கருப்பு என்றார் ஒருவர். கன்னிவாடிக்குப் போய் மந்திரிக்கச் சொன்னார் இன்னொருவர். அப்பா டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கி வந்தார். அம்மா அதை விழுங்கிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். பழையபடி அவள் எனக்குத் தலை பின்னிவிட வேண்டும், எனக்கு அது போதும். அத்தை பின்னினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், அப்படி ஒரு இழுப்பு.

கைப்பிள்ளைகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அம்மாள் ஒருத்தியைத் தம்பிக்காக முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். வரவேண்டாம் என்று சொல்ல எல்லோருமே மறந்துவிட்டார்கள். நத்தத்திலுள்ள மகள் வீட்டிலிருந்து திரும்பியவள் நேராக வந்து, பிள்ளை எங்கே என்று கேட்டாள். அத்தை அவள் காதில் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் திரும்பிப் போகவில்லை.

"பெத்த உடம்பு வலிக்கத்தானே செய்யும். எண்ணெயக் காய்ச்சு தாயி" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மாவின் முதுகையும் தோளையும் நீவிவிட்டாள். முதல் சில நாட்கள் அம்மா கட்டைபோல் கிடந்தாள். ஒருநாள், வலிக்குதா என்று அவள் கேட்டதற்கு, "வலிக்கட்டும், தேயி" என்றாள் அம்மா. பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு அந்த அம்மாள்மேல் ஆத்திரமாக வந்தது. அத்தையோ, அழட்டும் விடு என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையும் எண்ணெயுமாக நாட்கள் போயின. அம்மா ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

ஒரு காலையில் எண்ணெய்க் கிண்ணத்தை அவளே எடுத்துக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். தலை பின்னத்தான் என்று சீப்போடு ஓடினேன். சீப்பை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னைத் தன் கால்கள்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நான். என் கால்கள் தரையில் கிடந்தன. நெஞ்சில் எண்ணெய் தேய்த்தாள், கைகளை மாற்றி மாற்றி மடக்கினாள், மூக்கை நீவிவிட்டாள். கூச்சத்தில் நெளிந்தேன்.

"செத்த நேரம் அசையாமப் படுத்திரு" என்றாள்.

குளிப்பாட்டும் அம்மாள் வெந்நீர் ஊற்றினாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தைக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அன்று அம்மா தலை பின்னிவிடவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா எனக்காகத் திரும்பி வந்துவிட்டாள் என்ற பெருமை தாங்கவில்லை.

அந்தக் கைகள் யாருக்காகக் காத்திருந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது அம்மா இல்லை. தம்பிக்கு வைத்திருந்ததுதான் என்றாலும் பரவாயில்லை, இன்னொரு தரம் அந்தக் கால்கள்மேல் படுத்தால் போதும்.