பக்தபூரில் உடைத்த தேங்காய்

"அன்ரி, அம்மா விடிய போயிட்டா. நித்திரையிலயே..." என்று ரவி தொலைபேசியில் சொன்னபோது நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். கதிரையை இழுத்து உட்கார்ந்து அழுதேன். பரமேஸ் அக்கா நிறைவாக வாழ்ந்து போனவர்தான். அழுகைக்கு அது தெரியுமா?

மெல்பேர்னின் கிளேட்டனில் அவர் கையால் இடியப்பம் சாப்பிடாத தமிழ் மாணவர் குறைவு. அங்கே படித்த உங்களுக்கெல்லாம் அந்தச் சாப்பாடு நினைவிருக்கும். எனக்கு மறக்காதது ஒரு தேங்காய்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சின்னப் பிள்ளை ரவிக்கு இருதயத்தில் ஒப்பரேஷன். அவன் பிழைத்தால் கோயிலில் தேங்காய் உடைப்பதாக அக்கா நேர்ந்துகொண்டார். பிழைத்தான். ஆனால் அன்றைய மெல்பேர்னில் எங்களுக்குக் கோயில் ஏது?

"வீட்டிலயே உடையுங்கோவன் அக்கா" என்றேன்.

"குசினியில உடைச்சா அது சம்பலுக்கு" என்று மறுத்துவிட்டார்.

அப்போது என் கணவருக்குக் காத்மண்டுவில் வேலை. அவரைப் பார்க்கப் புறப்பட்ட என்னோடு, நேபாளத்தில் கோயில் இருக்கும் என்று அக்காவும் ரவியும் சேர்ந்துகொண்டார்கள். மலைநாட்டில் தேங்காய் கிடைக்காது என்று, அக்கா மெல்பேர்ன் சந்தையிலேயே ஒன்றை வாங்கிக் கம்பளிச்சட்டைக்குள் சுற்றிக்கொண்டார்.

பக்தபூர், காத்மண்டுவுக்குப் பக்கத்தில் நேவார் மக்களின் பழைய நகரம். திரும்பிய பக்கமெல்லாம் கோயில், செதுக்கிய மரச்சன்னல், வெயிலில் காயும் மண்பானை. அக்கா தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "ஊரே கோயிலாக் கிடக்கு, வேற எங்க கழட்டுறது?" ஐந்தடுக்குக் கூரைக் கோயிலின் கதவு பூட்டியிருந்தது. பூசகர் தவிர எவரும் உள்ளே போவதில்லையாம். அக்கா சளைக்கவில்லை. கீழ்ப்படியருகே கிடந்த கல்லில் தேங்காயை ஓங்கி அடித்தார்.

அழுகல்! பானை விற்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேர்த்தித் தேங்காய் அழுகினால் பிள்ளைக்கு ஆகாதே! அக்கா உடனே ரவியைத் தேடித் திரும்பினார். பக்கத்தில் இல்லை.

"அம்மா!"

ஒப்பரேஷனுக்கு முன் வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்கிய பிள்ளை, அந்தச் செங்குத்துப் படிகளை ஒரே ஓட்டமாக ஏறி, உச்சியில் நின்று கையாட்டினான்.

அக்கா அழுதார், சிரித்தார். "தேங்காயை விடும். பிள்ளையைப் பாரும்" என்றார். பானைக்காரி தந்த தண்ணீரில் கை கழுவிவிட்டு நாங்களும் ஏறினோம்.

சென்ற வாரம் அக்காவின் இறுதிக் கிரியையில், தலை நரைத்த ரவி தேங்காய் உடைத்தான். நல்லதா அழுகலா என்று பழக்கத்தில் சிலர் எட்டிப் பார்த்தார்கள். நான் பிள்ளையைப் பார்த்தேன்.