பதினேழு வீட்டில் பயணம் சொன்னவர்

நவ்ஷாத் பாய் எங்கள் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுவது என் வேலை. அவர் பரங்கிப்பேட்டைக்காரர். பதினொரு வருடமாக சார்ஜாவில் ஒரு டைல்ஸ் கம்பெனி குடோனில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவ். ஊருக்கு வந்த மறுநாளே, திரும்பிப் போகும் டிக்கெட் சரியாக இருக்கிறதா என்று கேட்க வந்துவிடுவார். நின்றபடியே பேசுவார். பேசும்போது ஸ்டேப்ளரைத் திறந்து மூடுவார், சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் நேராக்குவார், வாசலில் பஸ் ஹாரன் கேட்டால் எட்டிப் பார்த்துவிட்டு வருவார்.

இந்த முறை லீவில் எட்டு நாள் மிச்சம் இருக்கும்போது வந்தார்.

"தம்பி, சனி ஞாயிறு ரெண்டு நாள் தங்குற மாதிரி எடம் ஒண்ணு சொல்லு. தண்ணி பக்கத்துல இருக்கணும். கூட்டம் கூடாது. தூரமும் ஜாஸ்தி வேணாம்."

"உங்க ஊர்லயே கடலும் இருக்கு, ஆறும் இருக்கே பாய்."

"எங்க ஊர்ல நான் எங்க தங்குறது? நான் மாப்பிள்ளை."

அவர்கள் குடும்பங்களில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். பதினொரு வருடக் கணக்கில் அவர் அந்த வீட்டில் இருந்தது ஒன்பது மாதம்கூட வராது. அதனால் இன்னும் புது மாப்பிள்ளைதான். குடத்தைத் தூக்கினால் யாராவது ஓடி வந்து பிடுங்கிக்கொள்வார்கள். மீனில் நடுத்துண்டு அவருக்கு. விசா கேட்டு வருகிறவர்கள், அத்தர் பாட்டிலுக்கு வருகிறவர்கள், சும்மா பார்த்துவிட்டுப் போக வருகிறவர்கள் என்று முன்கட்டில் எப்போதும் நாலு ஜோடிச் செருப்பு கிடக்கும்.

"டச்சுக்காரன் வந்தான், போர்ச்சுகீசுக்காரன் வந்தான், இங்கிலீஷ்காரன் வந்தான். எல்லாத்துக்கும் எங்க ஊர்ல தங்க எடம் கெடைச்சுது. எனக்குத்தான் இல்ல," என்றார். சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தார்.

கேட்டது அவர் மனைவி சமீராவாம். கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது: இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் கணக்கு முடித்துக்கொண்டு வரலாம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும் என்கிறார் சமீரா. அந்த வீட்டில் பேச முடியாது என்கிறார்.

"நான் அழுதா அடுப்பங்கரைக்குக் கேக்கும், நீங்க கத்துனா தெருவுக்குக் கேக்கும்ங்கறா. நெசந்தான். இத்தன வருஷத்துல அவ வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான் தம்பி. நீ கவித பொஸ்தகம்லாம் வச்சிருக்க. அமைதியான எடம்லாம் உனக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரிந்த அமைதியான இடம் எங்கள் கடையின் பின்பக்கம், ஜெனரேட்டர் வைத்திருக்கும் அறைதான். இருந்தாலும் தேட ஆரம்பித்தேன்.

அடுத்த மூன்று நாளும் நாளுக்குப் பத்து தடவை போன். கடலூர் தேவனாம்பட்டினம் சொன்னேன். பீச்சுக்குப் பக்கத்திலேயே நல்ல ரூம். சரி என்றார். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழம ஊரே பஜ்ஜி திங்க வருமே." கெடிலம் ஆற்றங்கரையில் பழைய கோட்டைப் பக்கம் ஒரு வீடு இருந்தது. "அங்க போயி சரித்திரமா படிக்கிறது?" பாண்டிச்சேரி என்றேன். "பாண்டிக்குப் போனேன்னு தெரிஞ்சா ஊர் என்ன நெனைக்கும்?" பிச்சாவரத்தில் பெரிய ஓட்டல். "சொந்தக்காரன் எவனாச்சும் போட்டிங்க்கு வந்துருவான்." ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் நல்ல காரணங்கள். அதுதான் எனக்கு உறுத்தியது.

கடைசியில் ஆற்றைத் தாண்டி, கிள்ளைப் பக்கம், உப்பங்கழிக் கரையில் பிரிசில்லா டீச்சர் வீட்டைப் பிடித்தேன். ரிட்டயர்டு டீச்சர். மாடியில் ஒரு ரூமை வாடகைக்கு விடுகிறார். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். அதற்கு அந்தப் பக்கம் சுரபுன்னைக் காடு. வீட்டுக்குக் கீழே நாலு படி, அதில் கட்டிய ஒரு வள்ளம். பரங்கிப்பேட்டையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். அவருக்குச் சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை. புக் பண்ணினேன்.

வியாழக்கிழமை சமீராவே கூப்பிட்டார். மெல்லிய குரல். பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, ரூம் உறுதிதானே? அவுங்க ஏதாச்சும் மாத்துனா எனக்கு ஒரு வார்த்த சொல்லிருங்க."

"சரிங்கக்கா," என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து நவ்ஷாத் பாய் கடைக்கு வந்தார். வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குக் கையில் இருந்த வேலையே மறந்துவிட்டது.

"பயணம் சொல்லிட்டு வந்துட்டேன் தம்பி."

வெளியூர் கிளம்புகிறவர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் சலாம் சொல்லி, தனக்காக இறைவனிடம் துஆ கேட்கச் சொல்லிவிட்டுக் கிளம்புவது அவர்கள் ஊர் வழக்கம். ஹஜ்ஜுக்கு, மலேசியாவுக்கு, சார்ஜாவுக்குப் போகிறவர்கள் செய்வது.

"செவ்வாக்கெழம ஃபிளைட்டுக்கா பாய்?"

"அதுக்கு திங்கக்கெழம சொல்லணும். இது நாளைக்குப் போறதுக்கு."

"கிள்ளைக்கா?"

"தங்கப் போறோம்ல. நாளைக்கு எவனாச்சும், சொல்லாம போயிட்டான்னு சொல்லக் கூடாது பாரு. பதினேழு வீடு. ஒண்ணு விடல." டீ வரவழைத்து முழு டம்ளரையும் உட்கார்ந்தே குடித்தார்.

அப்போதே சமீராவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். மாற்றம் ஒன்றும் இல்லையே, ரூம் அதேதான், நாள் அதேதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புருஷன் பெண்டாட்டி நடுவில் நான் யார். நம்பரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வழிகாட்ட நானும் போயிருந்தேன். பத்தரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சமீரா ஒரு சின்னப் பையோடு மாடியேறி, இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். கழியில் கடல் ஏற்றம் வந்து தண்ணீர் உயர்ந்துகொண்டிருந்தது. நவ்ஷாத் பாய் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது.

பதினாறு பேர். இரண்டு தேக்சா பிரியாணி, பொரித்த மீன், பாய், கூலிங் பாக்ஸ், கிரிக்கெட் மட்டை. முதலில் இறங்கியது சமீராவின் உம்மா, தோளில் நவ்ஷாத் பாய், சமீராவின் ஆறு வயது மகளோடு. "மாப்பிள்ளைக்குக் கடைச் சோறு ஒத்துக்காதேன்னு ஆக்கிட்டு வந்தோம்." பின்னாலேயே சமீராவின் தாய்மாமா அப்துல் வதூது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. "பயணம் சொன்னீங்க. வழியனுப்ப வரலன்னா மரியாதையா இருக்குமா? அதான் எறங்குற எடத்துக்கே வந்துட்டோம்!"

சமீரா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கணவரை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"எத்தன வீட்ல சொன்னீங்க?"

"பதினேழு."

சமீரா போய்ச் சஹன் தட்டுகளைக் கழுவினார், எல்லோருக்கும் சோறு வைத்தார், மகளுக்கு முள் எடுத்து மீன் ஊட்டினார். பிரிசில்லா டீச்சரையும் உட்கார வைத்துப் பரிமாறினார். சாப்பாடு முடிந்ததும் படியில் இறங்கி, கட்டியிருந்த வள்ளத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"உச்சி வெயில்ல அங்க என்ன பண்றா?" என்றார் உம்மா.

நவ்ஷாத் பாய் படி வரைக்கும் போனார். திரும்பினார். மறுபடி போனார். தண்ணீர் பாட்டில் கொண்டுபோய் நீட்டினார், சமீரா வாங்கவில்லை. குடை கொண்டுபோனார். நான் மேல்படியில் கை கழுவிக்கொண்டிருந்தேன், நகர முடியவில்லை. சமீரா திரும்பாமலே பேசினார்.

"பயந்துகிட்டுதானே ஊரக் கூட்டுனீங்க?"

நவ்ஷாத் பாய் விரித்த குடையை மூடினார், விரித்தார்.

"கையெழுத்துப் போடுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. நானும் அந்த வேன்லயே வீட்டுக்குப் போறேன். முடிவு பண்ணலன்னா அவுங்கள அனுப்புங்க. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

வள்ளம் ஏற்றத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. குடையைப் படியில் வைத்துவிட்டு அவர் மேலே வந்தார். பாயில் எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் வீட்டில் அவர் இதுவரை யாரையும் எழுந்திரு என்று சொன்னதில்லை. சோறு போதும் என்பதைக்கூட இலை மறைவு காய் மறைவாகச் சொல்கிற மனிதர்.

"மாமி."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போங்க மாமி. நானும் சமீராவும் தனியா இருக்கணும்."

யாரோ கூலிங் பாக்ஸைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். அப்துல் வதூது மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடேங்கப்பா, மாப்பிள்ளைக்குப் பேச வருதே! ஏய், பாயச் சுருட்டுங்க." அவர் சிரித்திருக்காவிட்டால் அந்த இடம் என்னவாகியிருக்கும் என்று தெரியவில்லை.

மாமி மருமகன் முகத்தைப் பார்க்கவில்லை. தேக்சா மூடியைத் தேடி எடுத்து மூடினார். மூடியைத் துடைத்தார். பிறகு தேக்சாவிடமே கேட்பது மாதிரி, "காலைல நாஷ்டா மட்டும் அனுப்பட்டா?" என்றார்.

இதற்குப் பதில் சொல்லத்தான் நவ்ஷாத் பாய் அதிகம் கஷ்டப்பட்டார். 

"வேணாம் மாமி."

தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அப்துல் வதூது கடைசியாக ஏறினார். வேன் புழுதியில் திரும்பிப் போனது. பிரிசில்லா டீச்சர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஒரு ஓரமாக நின்று, நவ்ஷாத் பாய் முகத்தில் அந்த மூன்று வருடக் கையெழுத்து என்ன ஆகியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

"தம்பி," என்றார். "நீயும்தான்."

அனுப்ப வேண்டிய ஆட்களில் என்னை நான் சேர்த்துக்கொள்ளவே இல்லை. காது சூடேற, ஹெல்மெட்டைத் தேடி எடுத்து வண்டியைக் கிளப்பினேன். கண்ணாடியில் அவர் படியிறங்கிப் போவது தெரிந்தது.

வழியில் இருக்கும் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் அந்தக் கழி முழுதும் தெரியும், படியும் வள்ளமும்கூட. வேகத்தைக் குறைத்தேன். பிறகு, தலையைத் திருப்பாமல் தாண்டிப் போனேன்.