சாட்சி நின்ற இடம்

தவம் அண்ணை காலமான செய்தியை என் தம்பி ரவிதான் தொலைபேசியில் சொன்னான். "அக்கா, தவம் அண்ணை காலமை மோசம் போயிட்டார். நான் செத்தவீட்டுக்குப் போறன்." அழுதேன். அழுகைக்கு நடுவிலும் அவனுடைய கடைசிச் சொல் மனதில் தைத்தது. ஊரில் எந்தச் சாவுக்கும் போகாமல் வீட்டு வளவுக்குள்ளேயே அடைந்து கிடந்தவன் அவன்.

அண்ணை இயக்கிய படங்கள் அவரோடு பழகிய உங்களுக்குத் தெரியும். வழக்குக் கதைகளையும் கொலைக் கதைகளையும் எடுத்து, எங்கள் தோட்டங்களிலும் ஒழுங்கைகளிலும் வைத்துப் படமாக்கியவர். "சாட்சி எங்கை நிண்டாரோ அங்கைதான் என்ரை கமரா நிக்கும். சாட்சி காணாததை நான் காட்டமாட்டன்" என்பார். கொலையைக் காட்டாத கொலைப் படத்தை யார் தயாரிப்பார்கள்! வந்தவர்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள்.

என் நாவலைப் படமாக்கக் கேட்டு அவர் வந்தபோது கொடுக்கத் தயங்கினேன். அது பெயர் மாற்றி எழுதிய ரவியின் கதை. சண்டிலிப்பாயில் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரை யாரோ அவருடைய கிணற்றடியில் அடித்துக் கொன்றுவிட்டார்கள். அன்று தன் வளவில் நின்றபோது ரவியை அங்கே கண்டதாக அயலவர் இராசையா அம்மான் சாட்சி சொன்னார். போதிய சான்று இல்லையென்று நீதிமன்றம் அவனை விட்டது, ஊர் விடவில்லை. அவனுக்காக நாவலில் பக்கம் பக்கமாக வாதாடியிருந்தேன். அண்ணை வாசித்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளை, உந்தக் கதையிலை எல்லாரும் வடிவா அழுகினம். ஒருத்தரும் பாக்கேல்லை." வந்த கோபத்தில் அன்று அவருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை.

படப்பிடிப்புக்கு அவர் தேர்ந்தது இராசையா அம்மானின் வளவையே. "உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன். கேட்டால்தானே! அம்மானிடமே போய், "அண்டைக்கு எங்கை நிண்டனீங்கள்?" என்று பணிவாகக் கேட்டு, அந்த இடத்தில் கமராவை வைத்தார். தெரிந்ததெல்லாம் வருஷா வருஷம் பிரித்துப் புதிதாக அடைக்கும் தென்னோலைக் கிடுகு வேலிதான். அதற்கு அப்பால் இருந்த கிணறு தெரியவே இல்லை. அம்மானைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

குனிந்த அம்மான் நெடுநேரம் நிமிரவில்லை. "வேலி அடைச்சாப்பிறகு கிணத்தடி தெரியாதுதான். நான் பொடியனைக் கண்டது வேலி பிரிச்சுக் கிடந்த அண்டைக்கெல்லோ!"

கொலை நடந்தது அந்த வருஷ வேலி அடைத்து முடித்த பிறகு. அம்மான் வேறொரு நாளில் கண்டதைக் கொலை நடந்த நாளில் கண்டதாக மாற்றி நினைத்துவிட்டார். வழக்கில் ஒருவரும் வேலியைப் பற்றிக் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதால் ஊர் முழுக்க அவரை நம்பியது. அண்ணை அவருடைய தோளில் கை வைத்து, "உங்கடை கண் பிழையில்லை அம்மான், நாள்தான் பிழை" என்றார். நான் வேலியோரம் குந்தியிருந்து அழுதேன். அப்பாடா என்று வந்த அழுகை அது.

ஊர் மைதானத்தில் திரை கட்டிப் படத்தைக் காட்டியபோது அண்ணைக்கு நோய் முற்றியிருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி, கிணற்றை மறைத்த அந்த வேலியைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் காண அவர் இருந்தாரே, அது போதும்.

செத்தவீட்டில் ரவி ஒதுங்கித்தான் நின்றான். பாடை தூக்க ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இராசையா அம்மான் அவனைக் கண்டார். "தம்பி ரவி, ஏன் உங்கை நிக்கிறாய்? வா, முன்னுக்குப் பிடி."

இப்போதெல்லாம் யாராவது "நான் கண்டனான்" என்று ஒரு கதையைத் தொடங்கினால், "எங்கை நிண்டு?" என்று கேட்டுவிடுகிறேன். தவம் அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். ஆகவே நானும் சொல்லிவிடுகிறேன். நான் நின்றது வாசல் படலையடியில், மற்றப் பெண்களோடு. கண்டது, என் தம்பியின் தோளில் அவர் போனதை.